ஒடிசலான கார் கட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

2025-இல் பலரும் வாய்பிளந்து பார்த்த கார் அது. 1993 மாடல் ஃபியட் பாண்டா. நீளம் பழையபடியே 3.4 மீட்டர், உயரம் 1.45 மீட்டர், அகலம் மட்டும் 50 சென்டிமீட்டர். வட இத்தாலியில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் குடும்பத்து இளைஞர் ஒருவர், பெரும்பாலும் அதே காரின் பாகங்களை வைத்தே செய்தது. ஒரு ஆள், ஒரு முகப்பு விளக்கு. முன்னாலிருந்து பார்த்தால் யாரோ கதவிடுக்கில் வைத்து நசுக்கியது போல இருக்கும்.

‘நாமும் செய்தால் என்ன’ என்று கட்டிங் மெஷினை எடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, அகலத்தைக் குறைத்துவிட்டு உயரத்தை மறந்துவிடுவது. இடவல சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தில் பாதியை, எடை மையத்தின் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். இந்த எண் குறையக் குறைய வண்டி எளிதில் கவிழும். சாதாரண காருக்கு 1.3, 1.4 என்று வரும். சக்கர இடைவெளி 40 செ.மீ., எடை மையம் 50 செ.மீ. உயரத்தில் என்றால் வெறும் 0.4. இப்படிப்பட்ட வண்டியை 6 மீட்டர் ஆர வளைவில் மணிக்கு 17 கி.மீ.க்கு மேல் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுவிடும். சைக்கிள் வேகம்தான். ஆனால் சைக்கிளை வளைவுக்குள் சாய்த்து ஓட்டலாம், இதை முடியாது. அந்த பாண்டா 15 கி.மீ. வேகத்தோடு நின்றுகொண்டதற்கு அதன் மின்மோட்டார் சின்னது என்பது மட்டும் காரணமாக இருக்காது என்பது என் ஊகம்.

இந்தக் கணக்கில் ஓட்டுபவரைச் சேர்க்கப் பலர் மறந்துவிடுவார்கள். பாண்டாவின் எடை 264 கிலோ. 70 கிலோ ஆள் ஏறினால் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவர்தான், அதுவும் மேலே உட்கார்ந்திருக்கிறார். இருக்கையைத் தாழ்த்துங்கள். பேட்டரியைப் பின்னால் இடம் கிடக்கிறதே என்று அடுக்காமல் தரைத்தகட்டோடு ஒட்டி வையுங்கள். அமெரிக்காவின் டேங்கோ மின்சார கார் 99 செ.மீ. அகலம்தான். கனமான பேட்டரிகள் அடியில் இருப்பதால்தான் அது பெரிய சாலைகளில் வேகமாகப் போக முடிந்தது.

ஸ்ப்ரிங் இன்னொரு தலைவலி. பழையதையே போட்டால் எடை குறைந்த வண்டிக்கு அது கல் மாதிரி, மேடுபள்ளத்தில் சக்கரம் குதிக்கும். சரி, மெல்லியதைப் போடலாம் என்றால், சக்கர இடைவெளி பாதியாகும்போது பக்கவாட்டுச் சாய்வைத் தாங்கும் பலம் கால்பங்காகிவிடுகிறது. போட்டுப் போட்டுப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

பாடியை ஒட்டும்போது ஒரே மூச்சில் நீளமாக வெல்டு இழுக்காதீர்கள். சூட்டில் தகடு முறுக்கிக்கொண்டால் சக்கரங்கள் நேர்கோட்டில் நிற்காது. இடம் மாற்றி மாற்றிப் புள்ளி வையுங்கள். ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் கம்பியான டை ராடை மட்டும் அறுத்து ஒட்டவே ஒட்டாதீர்கள், குட்டையானதாகத் தேடி வாங்குங்கள்.

அப்புறம் காற்று. அகலம் போனாலும் பக்கப் பரப்பு அப்படியேதான் இருக்கிறது, ஏறத்தாழ 4 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒரு பாய்மரம். என் தோராயக் கணக்கில், மணிக்கு 70 கி.மீ. காற்று பக்கவாட்டில் அடித்தால் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே நிற்கிற வண்டி சாயலாம். இத்தாலிய பாண்டாவுக்கே பொதுச்சாலையில் ஓட அனுமதியில்லை. உங்களுடையதும் வளாகத்துக்குள்தான் ஓடப்போகிறது. அங்கேயும் காற்றடிக்கும் நாளில் சுவரோரமாக நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போங்கள்.