வேட்பாளர் குரலை அடக்கிய கதை

தேர்தல் நெருங்கினால் போதும், கண் அசரும் நேரம் பார்த்து ஃபோன் அடிக்கும். எடுத்தால் "வணக்கம், உங்கள் வேட்பாளர் பேசுகிறேன்" என்று பதிவு செய்த குரல். திட்டினாலும் அதற்குக் காது கிடையாது. ஒவ்வொரு எண்ணாக பிளாக் செய்து பார்த்தேன். வீண் வேலை, அடுத்த அழைப்பு வேறு எண்ணில் வந்தது. கருத்துக்கணிப்பு என்றதும் ஒருமுறை 1-ஐ அழுத்தித் தொலைத்தேன். இங்கே ஆள் இருக்கிறார் என்று நானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் கைகொடுத்தது ஃபோன் செட்டிங்ஸ்தான். ஐஃபோனில் ஐஓஎஸ் 13 முதலே தெரியாத எண்களை மௌனமாக்கும் வசதி உண்டு. என்னுடையது ஆண்ட்ராய்டு, 'தொந்தரவு செய்யாதே' பகுதியில், காண்டாக்டில் இருப்பவர்களின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி வைத்தேன். பார்சல்காரர் அழைப்பும் ஒலிக்காது என்பதால், மாலையில் மிஸ்டு கால் பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிடுவேன். நேற்று மூன்று முறை முயன்றிருக்கிறார் வேட்பாளர், பாவம்.