இங்கிலாந்துக்குத் திரும்பியவர்களுக்கு: முதல் வசந்தத்தைத் தவறவிடாமல் இருக்க

சில ஆண்டுகள் வெளியே இருந்துவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்புகிறவர்கள் பலர் முதல் வசந்தத்தை வீட்டுக்குள்ளேயே கழித்துவிடுகிறார்கள். பெட்டி பிரிக்க வேண்டும், ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) பதிய வேண்டும், பிள்ளைக்குப் பள்ளி பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்து நல்ல வெயில் வரட்டும் என்று தள்ளிப்போட்டால் ஜூன் வந்துவிடும். இங்கே வசந்தம் தவணை தவணையாகத்தான் வரும். ஒவ்வொரு பூவுக்கும் இரண்டு மூன்று வாரம்தான். அதனால் வானிலையைப் பார்த்துக் காத்திருக்காமல் வாரக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் டாஃபடில். வடக்கே இருந்தால் நார்த் யார்க் மூர்ஸில் ஃபார்ன்டேலுக்குப் போங்கள். டவ் ஆற்றங்கரை நெடுகக் காட்டு டாஃபடில் பூத்திருக்கும். அதே சமயத்தில் வேலிகளில் இலையே இல்லாத கறுப்புக் கிளைகளில் வெள்ளையாகப் பூப்பது பிளாக்தார்ன். ஏப்ரலில் செர்ரி. லண்டனில் கிரீனிச் பூங்காவின் ரேஞ்சர்ஸ் ஹவுஸ் பக்கம் உள்ள செர்ரி வரிசை அருமையானது, ஆனால் ஒரு நாள் பலத்த காற்றும் மழையும் வந்தால் மொத்தமும் கொட்டிவிடும். பூத்ததாகக் கேள்விப்பட்டால் அன்று மாலையே கிளம்புங்கள். ஏப்ரல் பிற்பாதியிலிருந்து மே தொடக்கம் வரை, காட்டுத் தரையில் நீல மணிகளாகப் பூக்கும் புளூபெல். மே நடுவில் ஹாத்தார்ன். வடக்கே போகப் போக எல்லாமே ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போகும்.

மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை 1 மணிக்குக் கடிகாரம் 2 மணிக்குத் தாவும். அன்று முதல் லண்டனில் மாலை ஏழே கால் தாண்டியும் வெளிச்சம் இருக்கும். வேலை முடிந்து வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டால் எழுந்து வெளியே போக மனம் வராது. அலுவலகப் பையிலேயே மழைக்கோட்டை வைத்துக்கொண்டு, வீட்டுக்கு ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கிப் பூங்கா வழியாக நடந்து வாருங்கள். காலையில் 5 டிகிரி, மதியம் 16 டிகிரி என்று இருக்கும் மாதங்கள் இவை. ஒரே தடிமனான ஜாக்கெட்டை விட மெல்லிய மூன்று அடுக்கு நல்லது. புல் காய்ந்திருப்பதுபோல் தெரிந்தாலும் அடியில் மண் ஈரமாகவே இருக்கும். நீர் புகாத அடிப்பக்கம் உள்ள பிக்னிக் விரிப்பு இல்லாவிட்டால் கால் மணி நேரத்தில் உடை நனைந்துவிடும்.

புளூபெல் காடு

இங்கிலாந்து வசந்தத்தில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். கிழக்கு லண்டன்காரர்களுக்கு வான்ஸ்டெட் பூங்காவின் ஷாலே வுட் இருக்கிறது; வான்ஸ்டெட் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். ஹார்ட்ஃபர்ட்ஷர் பக்கம் ஆஷ்ரிட்ஜில் உள்ள டாக்கி வுட் பேர்போனது. வார இறுதி மதியத்தில் எங்கு போனாலும் கூட்டம்தான். காலை எட்டு மணிக்கு முன் போனால் சாய்ந்த வெயிலில் நீலம் ஆழமாகத் தெரியும், குளிர்ந்த காற்றில் மணமும் நிற்கும்.

நாட்டுப் புளூபெல்லையும் தோட்டங்களிலிருந்து பரவிய ஸ்பானிஷ் வகையையும் பிரித்தறிவது எளிது. நாட்டு வகையின் தண்டு ஒரு பக்கமாக வளைந்து, மணிகள் எல்லாம் அந்தப் பக்கமே தொங்கும். இலை ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்குள் இருக்கும். ஒரு மணிக்குள் எட்டிப் பாருங்கள்: மகரந்தம் வெண்ணெய் நிறத்தில் இருந்தால் நாட்டு வகை, நீலமோ பச்சையோ கலந்திருந்தால் ஸ்பானிஷ் அல்லது கலப்பு. ஸ்பானிஷின் தண்டு நிமிர்ந்து நிற்கும், இலை இரண்டு மடங்கு அகலம், மணம் கிட்டத்தட்ட இல்லை.

போட்டோவுக்காகப் பாதையை விட்டு இறங்காதீர்கள். பூவை விட இலை மிதிபடுவதுதான் பெரிய கேடு. நசுங்கிய இலையால் கிழங்குக்கு உணவு சேர்க்க முடியாது. அந்த இடம் பழையபடி பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். நில உரிமையாளர் அனுமதியில்லாமல் கிழங்கைத் தோண்டுவது 1981ஆம் ஆண்டு வனவுயிர் சட்டப்படி குற்றம். செடி முழுக்க நச்சு. சிறு பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டை விட்டு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, பிள்ளைகளின் தலைமுடி ஓரம் எல்லாம் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகத் தடிப்பு பரவினால் லைம் நோயாக இருக்கலாம், ஜிபியைப் பாருங்கள்.

வயல் வழியே போகும்போது மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கான பாதை. நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. கன்றோடு நிற்கும் பசுவுக்கும் அதன் கன்றுக்கும் நடுவில் போகவே கூடாது.

காட்டுப்பூண்டு

மார்ச் முதல் ஈரமான காடுகளில் பூண்டு வாசம் தூக்கும். வைல்ட் கார்லிக் இலையை நம் சமையலுக்கே படைத்தது என்று சொல்லலாம். பூ விரியும் முன் உள்ள இளம் இலைதான் சுவை. சொந்த உபயோகத்துக்கு இலை பறிக்கச் சட்டம் இடம் தருகிறது, நில உரிமையாளர் அனுமதியில்லாமல் வேரோடு பிடுங்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட இடங்களில் தனி விதி உண்டு; அறிவிப்புப் பலகையைப் படியுங்கள்.

இதில்தான் கவனம் தேவை. கொத்தாகப் பிடித்துப் பறிக்காதீர்கள். லார்ட்ஸ் அண்ட் லேடீஸ் என்ற நச்சுச் செடி அதே பரப்பில் ஊடே முளைக்கும். அதன் ஒரே இலை வாயையும் தொண்டையையும் எரித்துவிடும். பூண்டு இலையில் நரம்புகள் நுனிவரை இணையாக ஓடும், லார்ட்ஸ் அண்ட் லேடீஸ் இலையில் வலைபோல் பின்னியிருக்கும். லில்லி ஆஃப் த வேலி இன்னும் ஆபத்து, காரணம் அதன் நரம்பும் இணையாகவே ஓடும். முகர்ந்து பார்ப்பது முதல் சில இலைகளுக்குத்தான் உதவும்; பிறகு விரலிலேயே வாசம் ஏறிவிடுவதால் எதை முகர்ந்தாலும் பூண்டுதான். ஒவ்வொரு இலையாகப் பார்த்துப் பறியுங்கள், சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள். நாய் நடமாடும் பாதையோரத்தைத் தவிர்த்துச் சற்று உள்ளே பறியுங்கள்.

பருப்போடு சமைப்பதானால், நான்கு பேருக்கு 100 கிராம் இலை, 150 கிராம் பாசிப்பருப்பு. பருப்பு குழைய வெந்து, தாளித்துக் கொட்டி, அடுப்பை அணைக்கும்போது நறுக்கிய இலையைச் சேர்த்து ஒரு நிமிடம் மூடி வையுங்கள். பருப்போடு சேர்த்தே வேகவிட்டால் மணம் போய்ச் சாதாரணக் கீரையாகிவிடும்.

கடையில் கிடைப்பவை

அஸ்பாரகஸ் பருவம் வழக்கமாக ஏப்ரல் 23 வாக்கில் தொடங்கி ஜூன் 21 வாக்கில் முடிகிறது. பொட்டலத்தில் பிரிட்டிஷ் என்று இருக்கிறதா, அடிவெட்டு ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சென்டிமீட்டர் தண்ணீரில் நிற்க வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். கொதிநீரில் மூன்று நிமிடம் போதும். ஜெர்சி ராயல் உருளைக்கிழங்கைத் தோல் சீவ வேண்டாம், தேய்த்துக் கழுவினால் போதும். ருபார்ப் தண்டுதான் உணவு, இலை நச்சு. ஈஸ்டர் ஞாயிறன்று பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

விடியல் பாட்டு

விடியற்காலையில் பறவைகள் சேர்ந்து பாடுவதற்கு ஏப்ரல் கடைசி, மே தொடக்கம்தான் உச்சம். மே முதல் வாரம் லண்டனில் ஐந்தரை வாக்கில் சூரியன் உதிக்கும். பறவைகள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆரம்பித்துவிடும். பிளாக்பேர்டும் ராபினும் முதலில். ஒவ்வொரு அடியையும் இரண்டு மூன்று தடவை திருப்பிப் பாடுவது சாங் த்ரஷ். முந்தின இரவே ஃபிளாஸ்க்கில் டீ, கனமான சாக்ஸ் எடுத்து வையுங்கள்; அசையாமல் நிற்பதால் நடப்பதை விட அதிகம் குளிரும். காற்றில்லாத, மழையில்லாத காலையாகப் பாருங்கள். வெளியே போக முடியாதவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி கேட்கும்.

துணியும் மூக்கும்

காற்றோடு வெயில் அடிக்கும் நாளில் காலை பத்து மணிக்குக் கொடியில் போட்ட துணி மதியமே காய்ந்துவிடும். நான்கு மணிக்குள் எடுத்துவிடுங்கள், மாலை ஈரத்தில் மறுபடி தணுத்துவிடும். ஹேஃபீவர் (மகரந்த ஒவ்வாமை) உள்ளவர்கள் மட்டும் வெளியே உலர்த்த வேண்டாம். மகரந்தம் துணியில் ஒட்டித் தலையணை வரை வரும். பிர்ச் மகரந்தம் மார்ச் கடைசியில் கிளம்பும், மே நடுவிலிருந்து புல். ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே முழுப் பலன் தர இரண்டு வாரம் வரை ஆகலாம் என்பதால் தும்மல் வரும்வரை காத்திருக்காமல், எப்போது தொடங்கலாம் என்று மார்ச் நடுவிலேயே பார்மசிஸ்டிடம் கேளுங்கள்.