குழந்தை வன்கொடுமைக் கணக்கு: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைப் பாதுகாப்புக் கோப்புகளைப் படித்து, எத்தனை குழந்தைகள் எந்தெந்த வகையில் பாதிக்கப்பட்டார்கள் என்று கணக்கெடுப்பவர்களுக்குப் பயிற்சி தருவது என் வேலை. புதுக் குழு ஒன்று முதல் அறிக்கையை எழுதிக்கொண்டு வரும்போது, எங்கெங்கே சிவப்பு மை விழும் என்று எனக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. இந்தத் துறைக்கு வந்த புதிதில் நானும் இதையெல்லாம்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கூட்டல் பிழை, வயதை மாற்றி அடித்தது, பெயரை மறைக்க மறந்தது போன்றவற்றை இங்கே தொடப்போவதில்லை; அவற்றை யாராவது பிடித்துவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் அச்சுக்குப் போய், அப்புறம் மற்றவர்களின் அறிக்கைகளிலும் மேற்கோளாக உலவுகிற தவறுகளைத்தான் சொல்கிறேன்.

புகார் எண்ணிக்கையைப் பரவல் என்று எழுதுவது

அலுவலகத்துக்கு வந்த வழக்குகளின் எண்ணிக்கை, அந்த அலுவலகத்தின் கண்ணில் எவ்வளவு பட்டது என்பதைச் சொல்லும். சமூகத்தில் எவ்வளவு நடக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். உலகெங்கும் நடந்த பாலியல் துன்புறுத்தல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பாதிக்கப்பட்டவர்களே சொன்ன ஆய்வுகளில் ஆயிரத்துக்கு 127 பேர் வந்தார்கள். மருத்துவர், ஆசிரியர், அதிகாரி என மற்றவர்கள் சொன்ன ஆய்வுகளில் ஆயிரத்துக்கு 4 பேர்.

இதைக் கேட்டதும் புதியவர்கள் அடுத்த தவறுக்குத் தாவுகிறார்கள்: "அப்படியென்றால் 123 பேர் மறைந்திருக்கிறார்கள்." அப்படிக் கழிக்க முடியாது. தானே சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் குழந்தைப் பருவம் முழுவதையும் கேட்கின்றன. மற்றவர்கள் சொல்வது பெரும்பாலும் ஓர் ஆண்டுக் கணக்கு. இடைவெளி பெரியது என்று சொல்லலாம். அதற்கு மேல் இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் வன்கொடுமைக்கு ஆளானதாகப் பதிவான குழந்தைகள் 2019இல் சுமார் 6,56,000. 2020இல் சுமார் 6,18,000. ஊரடங்கில் பெற்றோர் வீட்டிலேயே இருந்ததால் வன்கொடுமை குறைந்துவிட்டது என்று பயிற்சிக்கு வந்த ஒருவர் ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வந்தார். அழகான நடை வேறு. பள்ளிகள் மூடிக்கிடந்த ஆண்டு அது. தொழில்முறையில் புகார் தருபவர்களில் அதுவரை முதலிடத்தில் இருந்தவர்கள் கல்வித்துறையினர். பார்க்கிறவர்கள் குறைந்தார்கள், பதிவும் குறைந்தது. உள்ளே என்ன நடந்தது என்பதை அந்தத் தரவு சொல்லாது.

"பாதிக்கப்பட்டவர்களில்" என்பதை விழுங்கிவிடுவது

ஒரு சதவீதம் எல்லாக் குழந்தைகளிலுமா, பாதிக்கப்பட்டவர்களில் மட்டுமா, எந்தக் கூட்டத்தில் எடுத்தது என்று எழுதாவிட்டால் அந்த வரியை அடித்துவிடுவேன்.

ஒரு குழந்தைக்கு ஒரே வகை

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். இதைச் செய்பவருக்குத் தவறு செய்கிறோம் என்ற உணர்வே வருவதில்லை. படிவமே அப்படிச் செய்யச் சொல்கிறது. எக்செல் தாளில் "துன்புறுத்தலின் வகை" என்று ஒரு நெடுவரிசை இருக்கும். அழுத்தினால் உடல், பாலியல், உணர்வு, புறக்கணிப்பு என நான்கு தெரிவுகள் விரியும். ஒன்றைத்தான் எடுக்க முடியும். கோப்பைப் படித்தவர், அதில் எது கடுமையாகத் தெரிகிறதோ அதை எடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

ஒரு பயிற்சியில் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கோப்பைக் கொடுத்தேன். ஏழு வயதுக் குழந்தை, கையில் சூட்டுக்காயம். முதல் பக்கத்தில் மருத்துவரின் குறிப்பு. நான்காம் பக்கத்தில், இரவில் குழந்தை தனியாக விடப்படுவதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது. ஆறாம் பக்கத்தில், பல் சொத்தையாகிச் சீழ் வைத்தும் யாரும் சிகிச்சைக்கு அழைத்துப்போகவில்லை என்ற ஒரு வரி. கடைசிப் பக்கத்தில், தாய் அடிவாங்குவதைக் குழந்தை பார்த்துக்கொண்டே வளர்கிறது என்பது. எல்லாரும் ஒரே விடை எழுதியிருந்தார்கள்: உடல்ரீதியான துன்புறுத்தல். "எல்லாருக்கும் ஒரே விடை வந்திருக்கிறது, அப்படியானால் நம் பதிவு நம்பகமானது" என்று ஒருவர் சந்தோஷப்பட்டார். ஒரே விடைதான், சரி. மற்றப் பக்கங்களை எல்லாரும் ஒருமனதாகத் தூக்கி எறிந்திருந்தார்கள்.

ஒரே ஒரு வகைக்குத்தான் இடம் என்றால் அநேகமாகத் தோற்பது புறக்கணிப்புதான். அடிக்குத் தேதி உண்டு, காயம் உண்டு, புகைப்படம் உண்டு. புறக்கணிப்பு என்பது நடக்காதவற்றின் வரிசை: போடாத தடுப்பூசி, கொடுக்காத உணவு, வீடு திரும்பாத பெரியவர். "சம்பவம் நடந்த தேதி" கட்டாயம் என்று வைத்திருக்கும் தாளில் அந்த வரி "முழுமையற்ற பதிவு" ஆகிவிடும். தரவைச் சுத்தம் செய்கிறேன் என்று உட்காருபவர் கையில் முதலில் அழிவதும் அதுதான். தேதி இல்லாதது பதிவின் குறை என்று அவர் நினைக்கிறார். மாதக்கணக்கில் நீடித்த ஒரு நிலைமைக்கு எந்தத் தேதியைப் போடுவது?

பெயர் பெற்ற ஆய்வுகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. சிறுவயதுத் துயர அனுபவங்களையும் பிற்கால நோய்களையும் இணைத்துப் பார்த்த, வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 1998இல் வெளியிட்ட ஆய்வை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் முதல் சுற்றில் புறக்கணிப்பு ஒரு வகையாகவே இல்லை. இரண்டாம் சுற்றில்தான் சேர்ந்தது. 1998 கட்டுரையை வைத்துக்கொண்டு "புறக்கணிப்பின் விளைவுகள்" என்று அத்தியாயம் எழுதுகிறவர்களை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, ஒன்றுக்கு மேற்பட்ட வகை என்பது அபூர்வமான நிலையா என்றால், நிலைமை நேர்மாறு. 2023இல் வெளிவந்த ஆஸ்திரேலியத் தேசிய ஆய்வு 16 வயதும் அதற்கு மேலும் ஆன 8,503 பேரிடம் கேட்டது. 62.2 சதவீதத்தினர் ஏதாவது ஒரு வகைக்கேனும் ஆளாகியிருந்தார்கள். ஒரே ஒரு வகை மட்டும் என்றவர்கள் 22.8 சதவீதம், ஒன்றுக்கு மேல் என்றவர்கள் 39.4 சதவீதம். ஆக, பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு ஒற்றை வகை பொருந்தாது. உங்கள் எக்செல் தாள் சிறுபான்மையினருக்காகச் செய்யப்பட்டிருக்கிறது.

விளைவு பகுப்பாய்வில் விழுகிறது. "உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டவர்கள்" என்று ஒரு குழு, "துன்புறுத்தப்படாதவர்கள்" என்று ஒப்பீட்டுக்கு இன்னொரு குழு. இரண்டாம் குழுவுக்குள் புறக்கணிக்கப்பட்டவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் இரண்டு குழுக்களுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து தெரியும். முதல் குழுவிலோ, அடியோடு சேர்ந்து நடந்த மற்றதெல்லாம் அடியின் கணக்கில் ஏறிவிடும். டேவிட் ஃபிங்கெல்ஹார் குழுவினர் 2 முதல் 17 வயது வரையிலான 2,030 குழந்தைகளைப் பற்றி 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஓர் ஆண்டுக்குள் நான்கோ அதற்கு மேலோ வெவ்வேறு வகைப் பாதிப்புகளுக்கு ஆளானவர்கள் 22 சதவீதம். எத்தனை வகை என்பதைக் கணக்கில் சேர்த்ததும், தனித்தனி வகைகளுக்கும் மனவடு அறிகுறிகளுக்கும் இருந்த தொடர்பு வெகுவாகக் குறைந்தது. சிலவற்றில் இல்லாமலே போனது. (அந்த ஆய்வில் சக குழந்தைகளின் வன்முறை, குற்றங்களை நேரில் பார்த்தது எல்லாம் சேரும். ஆஸ்திரேலிய எண்ணுக்குப் பக்கத்தில் அதை அப்படியே ஒட்டாதீர்கள்.)

அறிக்கையைப் பார்த்துத்தான் சேவைகளுக்குப் பணம் ஒதுக்குகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. "உடல்" என்று குறித்த கோப்பில் அடித்தவர் வீட்டை விட்டு வெளியேறியதும் வழக்கு மூடப்படுகிறது. அந்தக் குழந்தை அதே வீட்டில், அதே இரவில், தனியாகத்தான் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வகைகளின் சதவீதத்தைக் கூட்டிப் பாருங்கள். அச்சுப்பிசகாமல் 100 வந்தால் சந்தேகப்படுங்கள். அமெரிக்கத் தேசியப் பதிவின் 2021 கணக்கில், பாதிக்கப்பட்ட குழந்தைகளில் புறக்கணிப்பு 76 சதவீதம், உடல்ரீதியானது 16, பாலியல் 10. இந்த மூன்றுமே நூறைத் தாண்டிவிடுகின்றன. ஒரு குழந்தையை அது ஆளான ஒவ்வொரு வகையிலும் எண்ணுவதால் அப்படி வருகிறது. உங்கள் தரவில் வட்ட வரைபடம் கச்சிதமாக மூடிக்கொள்கிறது என்றால், யாரோ ஓர் இடத்தில் குழந்தைகளை நறுக்கியிருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு வகைக்கும் தனி நெடுவரிசை. ஒவ்வொன்றிலும் மூன்று விடைகள்: ஆம், இல்லை, பதிவில்லை. கடைசி இரண்டையும் கலக்கவே கூடாது. கோப்பை எழுதியவர் கேட்காமல் விட்டதற்கும், கேட்டு இல்லை என்று அறிந்ததற்கும் நிறைய வித்தியாசம். பிறகு தொடங்கிய வயது, முடிந்த வயது, யார் செய்தது, எவ்வளவு கடுமை. அதன் பின்னர் எந்த வகை எந்த வகையோடு சேர்ந்து வருகிறது என்று ஓர் அட்டவணை போடுங்கள். எவை சேர்ந்தே வருகின்றன என்ற ஒழுங்கு அங்கேதான் தெரியும்.

இதைச் சொன்னதும் சிலர் எதிர்ப்பக்கம் ஓடி, வகைகளைக் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு "நான்குக்கு மேல் ஆபத்து" என்று தனிப்பட்ட குழந்தையின் கோப்பில் முத்திரை குத்துகிறார்கள். மக்கள்தொகை அளவில் போக்கைப் பார்க்கவென்று செய்த மதிப்பெண் அது. தனிநபரை வடிகட்ட அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதே ராபர்ட் ஆண்டாவே 2020இல் சக ஆய்வாளர்களுடன் எழுத வேண்டி வந்தது.

நினைவையும் பதிவையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வது

வளர்ந்தபின் கேட்டால் கிடைக்கும் கூட்டமும், குழந்தையாக இருந்தபோதே பதிவான கூட்டமும் ஒரே கூட்டம் என்று நினைக்கிறார்கள். ஜெஸ்ஸி பால்ட்வின் குழுவினர் 2019இல் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிறுவயதிலேயே பதிவானவர்களில் 52 சதவீதத்தினர் பின்னாளில் கேட்டபோது அப்படி நடந்ததாகச் சொல்லவில்லை. பின்னாளில் சொன்னவர்களில் 56 சதவீதத்தினருக்குச் சிறுவயதுப் பதிவு இல்லை.

இதைப் பார்த்து, பாதிக்கப்பட்டவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று ஒருவர் முடிவுரை எழுதினார். அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பதிவில் ஏறாத வன்கொடுமைதான் அதிகம் என்பதை முதலில் பார்த்தோம். கேட்கிற நாளில் சொல்ல மனம் வராமல் போவதும் உண்டு. மூன்று வயதில் நடந்தது நினைவில் இல்லாமல் போவதும் உண்டு. இரண்டு வழியும் இரண்டு வெவ்வேறு கூட்டங்களைப் பிடிக்கின்றன. எந்த வழியில் பிடித்தீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

"அடிபட்டவர் அடிப்பார்"

ஆய்வாளர் கேத்தி விடம் (Widom) 1989இல் வெளியிட்ட ஆய்வை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். வன்கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானவர்களில் 26 சதவீதத்தினர் சிறார் பருவத்தில் கைதானார்கள். ஒப்பீட்டுக் குழுவில் சுமார் 17 சதவீதம். ஆபத்து கூடுவது உண்மை. ஆனால் நூற்றில் 74 பேர் சிறாராக இருக்கும்போது கைதாகவில்லை என்பதும் அதே அட்டவணையில் இருக்கிறது. அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. புறக்கணிப்புக்கு மட்டும் ஆளானவர்களிலும் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானவர்கள் ஒப்பீட்டுக் குழுவைவிட அதிகம் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. "அடி" என்று தலைப்பு வைத்தவர் அந்த வரியைப் படிக்கவே இல்லை.

அந்நியர்

குழந்தையைத் துன்புறுத்துபவர் அந்நியரா? பெரும்பாலும் இல்லை. தெரிந்தவர்தான்.

ஆண் குழந்தைகளை அடிக்குறிப்பில் தள்ளுவது

அதே லைடன் தொகுப்பில், தானே சொன்ன ஆய்வுகளில் பெண்கள் ஆயிரத்துக்கு 180, ஆண்கள் ஆயிரத்துக்கு 76. அடிக்குறிப்பில் அடங்கும் எண் அல்ல அது.

கேள்வியைப் படிக்காமல் எண்ணை எடுப்பது

ஆஸ்திரேலிய ஆய்வில் புறக்கணிப்பு 8.9 சதவீதம், அமெரிக்கப் பதிவில் 76 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ஆஸ்திரேலியப் பெற்றோர் அக்கறையானவர்கள்" என்று எழுதிய அறிக்கை என் மேசைக்கு வந்திருக்கிறது. முதல் எண், கேட்கப்பட்ட எல்லாரிலும் எத்தனை பேர் என்பது. இரண்டாவது, அதிகாரிகள் உறுதிசெய்த பாதிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் என்பது. ஒன்று நினைவிலிருந்து வந்தது, மற்றது கோப்பிலிருந்து வந்தது. ஒப்பிட இதில் ஒன்றுமே இல்லை.

அதேபோல அந்த 62.2 சதவீதத்துக்குள் வீட்டு வன்முறையைப் பார்த்து வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அந்த வகை மட்டுமே 39.6 சதவீதம். அதை வன்கொடுமையாகக் கருதாத ஆய்வின் எண்ணோடு இதை மோதவிட்டு "இரண்டு மடங்கு" என்று தலைப்புப் போடக் கூடாது. "உங்களுக்குத் துன்புறுத்தல் நடந்ததா" என்று ஒரே கேள்வி கேட்கும் ஆய்விலும், "யாராவது உங்களை இப்படிச் செய்தார்களா" என்று ஒவ்வொரு செயலாகச் சொல்லிக் கேட்கும் ஆய்விலும் விடை வேறுபடும். தனக்கு நடந்ததைத் துன்புறுத்தல் என்ற பெயரில் நினைத்துப் பார்க்காதவர்கள் முதல் கேள்விக்கு இல்லை என்றுதான் சொல்வார்கள். எண்ணை எடுக்கும் முன் கேள்வித்தாளைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

ஒரே குழந்தையை மூன்று முறை எண்ணுவது

ஓர் ஆண்டில் ஒரு குழந்தையைப் பற்றி மூன்று புகார் வரலாம். புகார்கள் மூன்று, குழந்தை ஒன்று. இரண்டு எண்களுமே தேவை: சேவைக்கு எவ்வளவு வேலை என்பதற்கு முதலாவது, எத்தனை பேர் என்பதற்கு இரண்டாவது. திரும்பத் திரும்ப வந்த பதிவை "நகல்" என்று அழித்துவிட்டால் மீண்டும் நிகழ்ந்தது என்ற செய்தியும் கூடவே அழிந்துபோகும். அடையாள எண்ணை வைத்து இணையுங்கள், அழிக்காதீர்கள். ஒவ்வொரு புகாரின் தேதியையும் தனித்தனியாக வைத்திருங்கள். அறிக்கையில் எந்த எண்ணைப் போட்டாலும் அட்டவணையின் தலைப்பில் "புகார்கள்" என்றோ "குழந்தைகள்" என்றோ எழுதிவிடுங்கள். "வழக்குகள்" என்று எழுதினால் படிப்பவர் தனக்கு எது வசதியோ அதை எடுத்துக்கொள்வார்.