அச்சுப் பிழையா, அடிபட்ட நாணயமா? தொடக்கநிலைச் சேகரிப்பாளருக்கான சோதனை முறை

நாணயச்சாலையில் பிறந்த பிழைக்குத்தான் சேகரிப்பாளரிடையே மதிப்பு உண்டு. வெளியே வந்தபின் தேய்ந்ததும், நசுங்கியதும், வேண்டுமென்றே சிதைக்கப்பட்டதும் எவ்வளவு விநோதமாகத் தோன்றினாலும் அதன் முகமதிப்பைத் தாண்டுவதில்லை. இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வியை விடாமல் கேட்டாக வேண்டும்: இந்தக் குறை நாணயத் தயாரிப்பின் எந்தக் கட்டத்தில் நேர்ந்திருக்க முடியும்? விடை கிடைக்காத நாணயத்தைப் பிழை நாணயம் என்று ஏற்பதற்கில்லை.

தயாரிப்பின் வரிசை இதுதான். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. அவற்றின் விளிம்பு சற்று மேலெழும்பும்படி உருட்டப்படுகிறது. சூடேற்றி இளக்கிக் கழுவிய பின், காலர் எனப்படும் வளையத்துக்குள் அமர்த்தி, மேலும் கீழும் உள்ள இரு அச்சுகளால் ஒரே அடியில் இருபுறமும் பதிக்கப்படுகின்றன. ஆகவே பிழை வில்லையில் இருக்கலாம், அச்சில் இருக்கலாம், அடித்த விதத்தில் இருக்கலாம். நான்காவது இடம் இல்லை.

படி 1: கருவிகள்

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லூப், 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு, வெர்னியர் அளவுகோல், சிறு காந்தம், பக்கவாட்டில் சாய்த்து வைக்கக்கூடிய மேசை விளக்கு ஆகியவை போதும். நேர் மேலிருந்து விழும் ஒளியில் மேடும் பள்ளமும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் விளக்கைச் சாய்த்து வைப்பது மிக முக்கியம்.

படி 2: பிழையே அல்லாதவற்றை ஒதுக்குங்கள்

ஆண்டுக்குக் கீழே, எந்த நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது என்பதைக் காட்டும் குறி இல்லாத நாணயத்தைப் 'குறி விடுபட்ட பிழை' என்று விற்பவர்கள் உண்டு. மும்பைக்கு வைரக் குறி, ஹைதராபாதுக்கு நட்சத்திரம், நொய்டாவுக்கு வட்டப் புள்ளி என்பது பொது வழக்கம்; கொல்கத்தா நாணயங்களில் குறியே கிடையாது. 1985-லும் 1990-களின் பிற்பகுதியிலும் சில இந்திய நாணயங்கள் வெளிநாட்டு நாணயச்சாலைகளில் அடிக்கப்பட்டதால், பழக்கமில்லாத குறிகளும் முறையானவையாக இருக்கலாம். அதுபோலவே பத்து ரூபாய் நாணயத்தில் 14 வடிவங்கள் செல்லுபடியாகும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது; ரூபாய்ச் சின்னம் இல்லாத வடிவமும் அவற்றில் அடங்கும்.

படி 3: எடை, விட்டம், காந்தம்

1992-இல் வரத் தொடங்கிய கனமான செம்பு-நிக்கல் ஐந்து ரூபாய் 9 கிராம் எடையும் 23 மி.மீ. விட்டமும் கொண்டது. பின்னர் வந்த துருப்பிடிக்காத எஃகு வகையும் மஞ்சள் நிற நிக்கல்-பித்தளை வகையும் அதே விட்டத்தில் 6 கிராம்தான். எனவே 'மெலிந்த ஐந்து ரூபாய்' என்பது பெரும்பாலும் வேறொரு வகை நாணயமே. எஃகு வகை காந்தத்தில் ஒட்டும். மற்ற இரண்டும் ஒட்டமாட்டா. உரிய எடையைவிடக் கணிசமாகக் குறைந்து, மேற்பரப்பு முழுதும் சொரசொரப்பாக, எழுத்துகள் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் மெலிந்திருந்தால், அமிலத்தில் ஊறிய நாணயம் என்றே கருதலாம்.

படி 4: மேடா, பள்ளமா?

இந்த ஒரு சோதனையே பாதிக்கு மேற்பட்ட ஐயங்களைத் தீர்த்துவிடும் என்பது என் கருத்து. அச்சில் விரிசல் விழுந்தால் உலோகம் அந்த விரிசலுக்குள் புகுவதால், நாணயத்தில் அது மேலெழும்பிய மெல்லிய கோடாகத் தெரியும். கீறல் உள்நோக்கிப் பள்ளமாக ஓடும், அதன் இரு கரைகளிலும் ஒதுக்கப்பட்ட உலோகம் வரப்பாக நிற்கும். அச்சின் ஓரம் உடைந்து விழுந்திருந்தால் விளிம்போடு ஒட்டிய வழவழப்பான மேடு உருவாகும். அதற்கு நேர் பின்புறத்தில் வடிவம் மங்கியிருக்கிறதா என்று நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள், ஏனெனில் அங்கே நிரம்ப வேண்டிய உலோகம் உடைந்த பள்ளத்துக்குள் போயிருக்கும். பின்புறம் குறையின்றி இருந்தால், பற்றவைத்த பொட்டாக இருக்குமோ என்று ஐயப்பட வேண்டும்.

படி 5: விடுபட்ட எழுத்துகள்

தேய்மானம் எப்போதும் உயர்ந்த இடத்தில் தொடங்கும். அசோகத் தூணின் சிங்க முகங்களும் பிடரியும் முதலில் மழுங்கும். தாழ்ந்த பகுதிகள் நெடுநாள் தப்பிப் பிழைக்கும். மாறாக, அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருந்தால், சிங்கம் கூர்மையாக இருக்க, ஓர் எண்ணோ இரண்டு எழுத்துகளோ மட்டும் மறைந்திருக்கும். மறைந்த இடத்திலும் புது நாணயத்தின் பளபளப்பு மாறாதிருக்கும். அவ்விடத்தில் இணையாக ஓடும் நுண்கோடுகள் லூப்பில் தெரிந்தால் யாரோ அரத்தால் தேய்த்திருக்கிறார்கள்.

படி 6: ஓரம் வெட்டுண்ட நாணயம்

தொடக்கநிலையினர் இந்த வகையிலிருந்து கற்பது நல்லது. தேய்த்த சப்பாத்தி மாவில் டம்ளரால் வட்டம் வெட்டும்போது முன்பு வெட்டிய இடத்தின்மேல் சற்று ஏறிவிட்டால் பிறை வடிவில் ஓரம் குறைவதைப் போலவே, தகடு சரியாக நகராதபோது வில்லையிலும் குறைவு உண்டாகிறது. அப்படிப் பிறந்த வில்லையின் விளிம்பை உருட்டும்போது, வெட்டுண்ட இடம் அழுத்தம் கொடுக்காததால், அதற்கு நேர் எதிர்ப்புறத்திலும் விளிம்பு சரியாக எழும்பாது. எதிர்ப்புற விளிம்பு மங்கியிருப்பது வலுவான சான்று. எல்லா நாணயத்திலும் இது தெளிவாகத் தெரியாவிட்டாலும் முதலில் தேட வேண்டியது இதைத்தான். உண்மையான வெட்டுக்கு அருகிலுள்ள எழுத்துகள் வெற்றிடத்தை நோக்கி இழுபட்டாற்போல் மெல்லக் கரையும். கத்தரியால் வெட்டியதில் எழுத்து சட்டென்று அறுபட்டு நிற்கும், பிசிறும் இருக்கும்.

படி 7: விலகியடித்தது, நசுக்கியது

வில்லை அச்சுக்கு நடுவே அமராமல் அடிவாங்கினால், ஒரு பக்கம் வடிவமற்ற வெற்றுப் பிறையாக எஞ்சும். எடை மட்டும் முழுமையாக இருக்கும். காலர் இல்லாமல் அடிபட்ட நாணயம் விரிந்து பெரிதாகும், ஆனாலும் எழுத்துகள் கூர்மை இழப்பதில்லை. சுத்தியலிலோ தண்டவாளத்திலோ நசுங்கியதில் எழுத்துகளே பரந்து தட்டையாகியிருக்கும்.

முந்தைய நாணயம் அச்சில் ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையில் கண்ணாடிப் பிம்பமாகப் பள்ளமாய்ப் பதிவதை புரோக்கேஜ் என்பர். இரண்டு நாணயங்களை பட்டறைப் பிடியில் வைத்து நெருக்கியும் இதுபோலச் செய்யலாம். அவ்வாறு செய்ததில், பள்ளமான தலைகீழ் எழுத்துகளுக்கு அடியில் அந்தப் பக்கத்துக்கு உரிய பழைய வடிவம் நசுங்கியபடி எட்டிப் பார்க்கும். முழுமையான உண்மைப் புரோக்கேஜில் அந்தப் பழைய வடிவம் அங்கே பதிந்திருக்கவே வாய்ப்பில்லை.

படி 8: இரட்டை உலோக நாணயங்கள்

பத்து ரூபாயின் நடுவில்லையைத் தட்டிக் கழற்றி, திருப்பிப் பொருத்தி விற்பது மிகுதி. 2011 வடிவத்தில் சிங்க முகப்பு நடுவில்லையிலும், 'பாரத்', 'இந்தியா' என்ற சொற்கள் வெளிவளையத்திலும் உள்ளன. இரண்டும் ஒரே அச்சில் செதுக்கப்பட்டவை. ஆகவே சொற்கள் நேராக இருக்க, சிங்கம் மட்டும் சாய்ந்திருப்பது நாணயச்சாலையில் நிகழ முடியாதது. வளையமும் வில்லையும் சேரும் இடத்தில் கீறலோ பசையோ தெரிகிறதா என்றும் பாருங்கள்.

வாங்குவதற்கும் விற்பதற்கும் முன்

நாணயத்தைப் புளியோ பாலிஷோ போட்டுத் துலக்காதீர்கள். மேற்பரப்பின் பளபளப்பே நீங்கள் காட்டக்கூடிய சான்று, அது ஒருமுறை போனால் திரும்பாது. உள்ளே என்ன உலோகம் என்று பார்க்க அரத்தால் உரசவும் வேண்டாம். விற்பவரிடம் இருபுறப் படங்களோடு விளிம்பின் படத்தையும், தராசில் வைத்த எடையின் படத்தையும் கேளுங்கள். தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். பழைய நாணயங்களை வாங்கித் தருவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி யாரேனும் முன்பணமோ கமிஷனோ வரியோ கேட்டால் கொடுக்க வேண்டாம். அத்தகைய வணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும், எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்றும் அவ்வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது.