செகண்ட்-ஹேண்ட் பேஸ் கிட்டார்: வாங்கும் முன் பொருத்தம் பார்ப்பது எப்படி?

போலி பேஸ் கிட்டார் என்றால் தலை முதல் கால் வரை போலியாக இருக்கும் என்றுதான் புதிதாக வாங்குபவர்கள் நினைக்கிறார்கள். அப்படி வந்தால் கையில் எடுத்த உடனே தெரிந்துவிடும், பிரச்சினையே இல்லை. சிக்கல் எல்லாம் பாதி அசலில்தான். விலை குறைந்த ஸ்குவையர் பேஸில் இருக்கும் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஃபெண்டர் என்று ஒட்டிவிடுவார்கள். ஸ்குவையரும் ஃபெண்டர் கம்பெனியின் பிராண்டுதான் என்பதால் கம்பிகளை முறுக்கும் ஹெட்ஸ்டாக் என்ற தலைப்பகுதியின் வடிவம்கூட ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே ஏதோ ஒரு அடையாளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நெக், பாடி, உள்ளே இருக்கும் பாகங்கள் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். கிட்டத்தட்ட ஜாதகப் பொருத்தம் மாதிரிதான்.

நான் வாசிப்பது ஜாஸ் பேஸ் என்ற ஃபெண்டர் மாடல். அதனால் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு டேப், போனில் டார்ச். இவ்வளவு போதும்.

1. கிளம்பும் முன் போட்டோ கேளுங்கள்

ஹெட்ஸ்டாக்கின் முன்பக்கம், பின்பக்கம், சீரியல் நம்பர், பாடியின் பின்னால் நெக்கைப் பிடித்திருக்கும் இரும்புத் தகடு, இத்தனைக்கும் போட்டோ வேண்டும். எந்த நாட்டில் செய்தது, எந்த வருஷம் என்றும் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கி வையுங்கள். "வீட்டுக்கு வாங்க, நேர்லயே பாத்துக்கலாம்" என்று நழுவுகிறவரிடம் பெட்ரோல் செலவு செய்து போகாதீர்கள்.

2. சீரியல் நம்பரைப் படியுங்கள்

2010க்குப் பின் அமெரிக்காவில் செய்த பெரும்பாலான ஃபெண்டர்களில் நம்பர் 'யுஎஸ்' என்று தொடங்கும். மெக்சிகோவில் செய்தது என்றால் 'எம்எக்ஸ்'. அடுத்த இரண்டு எண்கள் வருஷம். 'எம்எக்ஸ்19' என்றால் 2019. அதற்கு முந்தைய பத்தாண்டில் அமெரிக்க மாடல்களில் 'இசட்', மெக்சிகோ மாடல்களில் 'எம்இசட்'. 1990களில் 'என்', 'எம்என்'. ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம். 'ஐசிஎஸ்' என்று தொடங்கினால் அது இந்தோனேசியாவில் செய்த ஸ்குவையர். அதன் மேல் ஃபெண்டர் என்று என்ன ஒட்டியிருந்தாலும் சரி.

ஃபெண்டர் இணையதளத்திலேயே சீரியல் நம்பரைத் தேடும் வசதி இருக்கிறது. ஆனால் நம்பர் சரியாக வந்துவிட்டது என்று உடனே துள்ள வேண்டாம். எங்கேயோ இருக்கும் ஓர் அசல் கிட்டாரின் நம்பரைப் பார்த்து எழுதுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதே நம்பரைக் கூகுளிலும் போட்டுப் பாருங்கள். வேறு நிறத்தில் வேறு கிட்டார் வந்து நின்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

3. ஹெட்ஸ்டாக்கில் டார்ச் அடியுங்கள்

நான் ஒருமுறை ஏமாற இருந்தது இங்கேதான். சென்னையில் ஒரு மொட்டைமாடி அறையில் ஒருவர் கறுப்பு ஜாஸ் பேஸ் ஒன்றைக் காட்டினார். பெயர் பளிச்சென்று இருந்தது, நம்பரும் சரி, விலையும் கட்டுப்படியானது. பணம் எண்ணுகிற நிலைக்கு வந்துவிட்டேன். கூட வந்த டிரம்ஸ் நண்பன் சும்மா இருக்காமல் போன் டார்ச்சை நேராக அடிக்காமல், மரத்தோடு ஒட்டிப் படுக்கவைத்து அடித்தான். ஃபெண்டர் என்ற எழுத்துக்குக் கீழே, சுற்றியுள்ள மரத்தைவிட வெளிறிய நிறத்தில், ஒரு வால் மட்டும் தனியாகக் கீழே இறங்கியது. ஃபெண்டர் என்பதில் எந்த ஆங்கில எழுத்துக்கும் அங்கே வால் கிடையாது. ஸ்குவையரில் இருக்கும் 'க்யூ'வுக்கு உண்டு!

எனவே டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். பழைய எழுத்தின் தடம், சுரண்டிய கீறல், ஓரிடத்தில் மட்டும் பள்ளமான பளபளப்பு எல்லாம் அப்போதுதான் தெரியும். பின்பக்கத்தையும் விடாதீர்கள். செய்த நாட்டின் பெயரைத் தேய்த்து அழித்திருந்தால் அங்கே மட்டும் பாலிஷ் வேறு மாதிரி இருக்கும்.

4. அளவும் ஒலியும்

ஹெட்ஸ்டாக்கை ஒட்டிக் கம்பிகள் உட்காரும் சிறு கட்டைதான் நட்; டேப்பை அதில் வைத்து, நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் பிரெட் என்ற உலோகக் கோடுகளில் பன்னிரண்டாவது வரை அளந்தால் 17 அங்குலம் வர வேண்டும். ஜாஸ் பேஸின் முழு ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம், 34 அங்குலம், இது அதில் பாதி. நட்டின் அகலம் சுமார் 38 மில்லிமீட்டர். ஸ்குவையர் ஜாஸ் பேஸும் இதில் பாஸாகிவிடும் என்பதால், இது மட்டமான நகல்களைக் கழிக்க மட்டுமே உதவும்.

அடுத்து ஒலியைப் பெருக்கும் ஆம்பில் போடுங்கள். இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் அடங்கியிருக்க வேண்டும். ஒன்றைக் குறைத்தால் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் எழும். பிக்அப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம். ஜாஸ் பேஸின் இரண்டு பிக்அப்களும் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடக்குமாறு எதிரெதிராகச் சுற்றப்பட்டவை. இரண்டும் திறந்திருக்கும்போதே இரைந்தால், வயரிங்கிலோ பிக்அப்பிலோ யாரோ கை வைத்திருக்கிறார்கள். இரைச்சலே இல்லாத பிக்அப் மாட்டிய மாடல்களும் உண்டு, அது குறை அல்ல.

5. கழற்றிப் பாருங்கள்

உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். ஆனால் பெரிய விலை சொல்லிவிட்டு, கழற்றக் கூடாது என்கிறவரிடம் நான் வாங்க மாட்டேன். முதலில் கம்பிகளை முழுதாகத் தளர்த்துங்கள். இல்லையென்றால் கடைசி ஸ்க்ரூ வரும்போது நெக் துள்ளி எழுந்து மரத்தைச் சிதைக்கும். பெரும்பாலும் நான்கு ஸ்க்ரூதான். 1970களின் பிற்பகுதி ஜாஸ் பேஸில் மூன்று.

நெக்கின் அடிப்பாகத்தில் தேதி முத்திரையோ பென்சில் எழுத்தோ இருக்கிறதா, அது சீரியல் நம்பரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். புதிதாகத் தேய்த்த வெள்ளை மரம் தெரிந்தால் காரணம் கேளுங்கள்.

பழைய அமெரிக்க மாடல் என்று சொன்னால் குமிழ்கள் இருக்கும் தகட்டையும் தூக்கிப் பாருங்கள். வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாட் என்ற பாகத்தின் முதுகில் 1377925 போல ஓர் எண் இருக்கும். 137 என்பது சிடிஎஸ் என்ற கம்பெனி, 79 என்பது 1979, 25 என்பது அந்த வருஷத்தின் 25ஆவது வாரம். '1974 மாடல்' என்று சொல்லப்படும் கிட்டாருக்குள் 1979 பாட் உட்கார்ந்திருந்தால், ஒன்று பாட் மாற்றியது, அல்லது கதை மாற்றியது. வயரை ஒட்டியிருக்கும் சால்டர் பழையதா புதியதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

6. தேய்மானத்தைப் பாருங்கள்

வருஷக்கணக்காக வாசித்த பேஸில் முன்கை உரசும் விளிம்பும், கட்டைவிரல் ஊன்றும் பிக்அப்பின் மேல் ஓரமும், பெல்ட் பக்கிள் படும் பின்பக்கமும் தேய்ந்திருக்கும். எல்லா இடத்திலும் சமமாகப் பெயின்ட் உதிர்ந்திருந்தால் உப்புத்தாளைச் சந்தேகியுங்கள். பழைய தழும்புகள் எவ்வளவு பேசும் என்பதற்கு ஓர் உதாரணம்: புகழ்பெற்ற பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் பிரெட் நீக்கிய 1962 ஜாஸ் பேஸ் 1986இல் நியூயார்க்கில் திருடுபோனது. சுமார் இருபது வருஷம் கழித்து அது வெளிவந்தபோது, முன்பு உடைந்து ஒட்டிய வேலையைச் செய்தவர்களே பார்த்துத்தான் அதுதான் என்று உறுதிசெய்தார்கள்.

ஏதாவது ஒன்று பொருந்தவில்லை என்றால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். நெக் மாற்றியவர்கள், பிக்அப் மாற்றியவர்கள் நிறைய. விற்பவருக்கே தெரியாமலும் இருக்கலாம். பல கிட்டார்களின் பாகங்களைச் சேர்த்ததாகக் கணக்குப் போட்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஸ்குவையர் மோசமான பேஸ் இல்லை. ஸ்குவையர் விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

எல்லாம் சரி என்றால் நெக்கை மாட்டி, கம்பியை ட்யூன் செய்து, பத்து நிமிஷம் வாசித்துவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள். கழற்றும்போது பார்த்தவற்றை எல்லாம் போட்டோ எடுத்து வைத்திருப்பீர்கள்தானே? நாளை நீங்கள் விற்கும்போது வருகிறவரும் அதையேதான் கேட்பார்.