மஞ்சளாகத் தெரிந்தால் போதுமா? மைட்டோகாண்ட்ரியாவும் லைசோசோமும் தொட்டுக்கொள்வதைப் படமெடுக்கலாம்

உயிருள்ள செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கழிவைச் செரிக்கும் லைசோசோமும் அடிக்கடி உரசிக்கொள்ளும், சிலசமயம் ஒட்டி நிற்கும், பிறகு பிரியும். அதைப் பார்க்க இரண்டு ஒளிர்சாயங்களும் லேசரால் ஒரே தளத்தை மட்டும் படமெடுக்கும் ஒரு கன்ஃபோக்கல் நுண்ணோக்கியும் போதும்.

முதல் நாளே, ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்வகையான ஹீலா செல்களைக் கண்ணாடி அடித்தட்டுள்ள கிண்ணத்தில் வளரவிடுங்கள். கண்ணாடியின் தடிமன் 0.17 மி.மீ. இருக்கவேண்டும். சாதாரண பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, ஃபோகஸ் ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு மதியம் முழுக்க நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது சாயம். மைட்டோகாண்ட்ரியாவைப் பச்சையாகக் காட்டும் மைட்டோட்ராக்கர் கிரீன் 100 நானோமோலார் செறிவில், லைசோசோமைச் சிவப்பாகக் காட்டும் லைசோட்ராக்கர் ரெட் 50 நானோமோலார் செறிவில். சாயத்தின் 1 மில்லிமோலார் கரைசலில் 1 மைக்ரோலிட்டரை எடுத்து 10 மி.லி. ஊடகத்தில் (செல் வளரும் திரவத்தில்) கலந்தால் 100 நானோமோலார் வந்துவிடும். 37 டிகிரியில் பச்சைக்கு 30 நிமிடம், சிவப்பைக் கடைசி 15 நிமிடத்துக்குச் சேர்த்தால் போதும். லைசோட்ராக்கர் ஒரு மென்காரம்; வெகுநேரம் விட்டால் லைசோசோமின் அமிலத்தன்மையையே குறைத்துவிடும். அப்புறம், தானும் ஒளிர்ந்து குழப்பும் ஃபீனால் ரெட் நிறமி இல்லாத ஊடகத்தால் கழுவி, உடனே நுண்ணோக்கிக்குக் கொண்டுபோங்கள்.

பச்சை மட்டும், சிவப்பு மட்டும் போட்ட கிண்ணங்களும் தேவை. ஒன்றின் ஒளி மற்றதன் சானலில் (அந்த நிறத்துக்கான படத்தில்) கசிகிறதா என்பதை அவைதான் காட்டும்.

லேசர்கள் பச்சைச் சாயத்துக்கு 488, சிவப்புக்கு 561 நானோமீட்டர். முழுப் படத்தையும் பச்சையில் எடுத்த பிறகு சிவப்புக்கு மாறினால், அதற்குள் லைசோசோம் நகர்ந்திருக்கும். படத்தின் வரிக்கு வரி லேசர் மாறும்படி அமைத்துக்கொள்ளுங்கள். 2 நொடிக்கு ஒரு படம், 5 நிமிடம். நூலாக நீண்டிருந்த மைட்டோகாண்ட்ரியா மணிமணியாக உடைந்தால் ஒளி அதிகம் என்று பொருள். லேசரைக் குறைத்துவிட்டு வேறு செல்லுக்குப் போங்கள்.

சரி, பச்சையும் சிவப்பும் ஒரே இடத்தில் விழுந்து படத்தில் மஞ்சள் தெரிகிறது. அதை வைத்துத் தொட்டுக்கொண்டன என்று சொல்லமுடியாது. தொடும் இடத்தில் இடைவெளி சுமார் 10 நானோமீட்டர். நம் நுண்ணோக்கியோ 200 நானோமீட்டருக்குள் இருப்பதைப் பிரித்துக் காட்டாது. எனவே நேரத்தைப் பாருங்கள். 2018இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில் 10 நொடிக்கு மேல் நீடித்தவற்றையே தொடர்பாகக் கணக்கிட்டார்கள். சேர்ந்தே நகர்ந்தால் இன்னும் நம்பலாம்.

பிறகு படங்களை அளக்கும் மென்பொருளான இமேஜ்ஜேயில் ஒரு சானலை மட்டும் 90 டிகிரி திருப்பி, மஞ்சளை மறுபடி அளந்து பாருங்கள். ஏறக்குறைய அதே அளவு வந்தால், நீங்கள் பார்த்தது வெறும் நெரிசலில் தற்செயலாக வந்த மஞ்சள். உட்கருவை ஒட்டிய நெரிசலான பகுதியை விட்டுவிட்டு, செல்லின் மெல்லிய ஓரத்தில் மீண்டும் எடுங்கள்.