தொகுப்பாளரை வில்லனாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கம் காமிக்ஸ் வரையத் தொடங்கும் இளைஞர்களுக்கு, கருவிகளைத் தானே செய்துகொள்ளும் தொலைக்காட்சி விவாதத் தொகுப்பாளர் அருமையான வில்லன். ஆனால் பெரும்பாலான கதைகளில் அவர் ஒரே ஆளாக இருப்பதில்லை. மேடையில் வாயாடும் ஒருவரையும் நிலவறையில் லேசர் துப்பாக்கி செய்யும் இன்னொருவரையும் ஒரே கோட்டுக்குள் திணித்துவிடுகிறார்கள். மற்றப் பிழைகளில் பாதி இதிலிருந்தே பிறக்கிறது.

1964இல் ஸ்பைடர்மேன் கதைகளில் அறிமுகமான மிஸ்டீரியோ, திரைப்படத் தந்திரக் காட்சிகளை அமைத்துப் பிழைத்தவன் என்பதால்தான் அவனுடைய புகையையும் மாயத்தோற்றத்தையும் நாம் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறோம். நம் தொகுப்பாளருக்கும் ஆயுதங்கள் தொழிலிலேயே இருக்கின்றன: சட்டையில் குத்தும் மைக், காதுக்குள் உத்தரவு ஒலிக்கும் இயர்பீஸ், கேமராவுக்கு முன் சாய்ந்த கண்ணாடியில் எழுத்தை ஓடவிடும் டெலிபிராம்ப்டர். ஒருவர் பேசும் குரலையே ஏறத்தாழ 0.2 நொடி தாமதித்து அவர் காதுக்குத் திருப்பி அனுப்பினால் அவருடைய பேச்சு தடுமாறும். ஜப்பானிய ஆய்வாளர்கள் இருவர் இதை ‘ஸ்பீச் ஜாமர்’ என்ற கையடக்கக் கருவியாகச் செய்து 2012இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு பெற்றார்கள். விருந்தினரைப் பேசவிடாமல் செய்வதையே பிழைப்பாகக் கொண்டவருக்கு இதைவிடப் பொருத்தமான ஆயுதம் இருக்க முடியாது.

எல்லை வகுக்காமல் கருவியைக் கையில் கொடுப்பது அடுத்த தவறு. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவி, மின்சாரம் பாய்ந்தால் மறைவார், ஆனால் அந்த இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். கதையின் பரபரப்பு முழுவதும் அந்தக் கையில்தான் இருக்கிறது. நம் கருவிக்கும் இயற்கையே ஓர் எல்லையைத் தந்திருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால், 34 மீட்டர் தொலைவுக்குக் குரல் போய்த் திரும்பவே 0.2 நொடி ஆகிவிடும். அதைவிட விலகி நிற்பவரிடம் தாமதம் நீண்டு கருவியின் தாக்கம் குறையும். காதை அடைத்துக்கொண்டவரிடமும் எழுதிக் காட்டுபவரிடமும் அது பலிக்காது. இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே ஒரு சிறு காட்சியில் காட்டிவிட்டால், வேலூர்க் கோட்டை அகழியின் எந்தக் கரையில் நாயகி நிற்கிறாள் என்பதே உச்சக்காட்சியின் கேள்வியாகிவிடும்.

பேச்சாளர் என்பதற்காகக் கட்டம் முழுவதும் வசனத்தை நிரப்புகிறார்கள். அதை எவரும் படிப்பதில்லை. அவருடைய பேச்சுக்குமிழ் எதிராளியின் குமிழை மூடி, எழுத்துகளைப் பாதியில் விழுங்குவதாக வரைந்தால் போதும், குறுக்கீடு கண்ணுக்கே புலப்படும். திரையில் "ஐயா அவர்களே" என்று குழைபவர், விளக்கு அணைந்ததும் உதவியாளரிடம் "இன்னாபா, மைக்க இன்னும் கழட்டலியா?" என்று பாய்ந்தால் இரண்டு முகமும் ஒரே கட்டத்தில் வந்துவிடும்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வானளாவிய கட்டடங்களை வேலூரில் நட்டு வைக்க வேண்டியதில்லை. சுற்றி நிற்கும் மொட்டைப் பாறைமலைகளும், பெரும்பாலும் மணலாகவே கிடக்கும் பாலாறும், காட்பாடி ஜங்ஷன் நடைமேடையும் போதும். சிலர் வில்லனின் மறைவிடத்தை ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கியை ஒட்டி அமைக்க ஆசைப்படுவார்கள். படம் அழகாக வரும், ஆனால் குணம் இடறும்: கைதட்டல் கேட்காத மலைக்காட்டில் இந்த மனிதர் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார். மேல்மாடிக்கு வாடகை கொடுத்தாவது கடைத்தெருவில்தான் பட்டறை வைப்பார். (மே மாத வெயிலில் கோட்டும் டையுமாக அவரை வெளியே அலைய விட்டால், நாயகிக்கு வேலையே இருக்காது.)

உண்மையான தொகுப்பாளர் ஒருவரின் முகச்சாயலில் வில்லனை வரைவதைத் தவிர்க்க வேண்டும். கதை வசையாகச் சுருங்கிவிடும்.

முடிவில் கருவியை உடைப்பதோ, மின்வெட்டு வந்து காப்பாற்றுவதோ சோம்பேறித்தனம். கட்டுப்பாட்டு அறையில் ஒலியைத் திறப்பதும் மூடுவதும் வேறொருவர் விரலில் இருக்கிறது. பல ஆண்டுகளாகத் தொகுப்பாளரிடம் திட்டு வாங்கிய அந்த ஒலிப்பதிவாளரை முதல் பக்கத்திலேயே, பெயரோடும் முகத்தோடும், வரைந்து வைத்துவிட வேண்டும்.